டேவி குரோக்கெட்

பல்லைக் காட்டிச் சிரித்தே மரத்தில் இருக்கும் விலங்கைக் கீழே இறங்க வைப்பாராம். மின்னலின் மேல் ஏறிச் சவாரி செய்வாராம். அமெரிக்காவில் டேவி குரோக்கெட்டைப் பற்றி வழங்கும் கதைகள் இப்படிப்பட்டவை. ரக்கூன் என்னும் சிறு விலங்கின் தோலால் ஆன தொப்பியும் நீண்ட துப்பாக்கியும் அவருடைய அடையாளங்கள். ஆனால், இக்கதைகளின் நாயகர் ஒரு கடனாளியின் மகன். காட்டில் கரடி வேட்டையாடியவர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராக உயர்ந்தவர்.

குரோக்கெட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இன்றைய டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்தார். அப்பகுதி அப்போது எல்லைப்புறமாக இருந்தது. வெள்ளையர்கள் காட்டை அழித்துக் குடியேறினர். அங்குக் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடியினர் அதை எதிர்த்தனர். அவர் பிறப்பதற்கு முன்பே, அவருடைய தாத்தாவும் பாட்டியும் பூர்வகுடியினரின் தாக்குதலில் உயிரிழந்திருந்தனர்.

தந்தை சாலையோரத்தில் ஒரு சிறு விடுதி நடத்தினார். வருமானம் போதவில்லை, கடன் பெருகியது. பன்னிரண்டு வயதில் டேவி, மாட்டு மந்தையுடன் வர்ஜீனியா வரை நடந்தே செல்லும் வேலைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு பள்ளியில் சேர்ந்தார். நான்கே நாளில் மூத்த மாணவன் ஒருவனுடன் சண்டையிட்டார். அதன்பின் பள்ளிக்கு மட்டம் போட்டது தந்தைக்குத் தெரியவந்தது. அடிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது தந்தையின் கடன்கள் அப்படியே இருந்தன. 36 டாலர் கடனை அடைக்க டேவி ஆறு மாதம் உழைத்தார். பிறகு, தந்தை சொல்லாமலேயே, வேறொருவருக்குத் தந்தை தரவேண்டிய 40 டாலருக்காக இன்னும் ஆறு மாதம் உழைத்தார். அந்தக் கடன் பத்திரத்தை அவர் தந்தையிடம் நீட்டியபோது, மகன் பணம் வசூலிக்க வந்திருக்கிறான் என்றே தந்தை எண்ணினார். கடன் தீர்ந்துவிட்டது என்று அறிந்ததும் அழுதுவிட்டார். அதன்பிறகே டேவி, வாரத்தில் நான்கு நாள் படிப்பு, இரண்டு நாள் வேலை என்று ஆறு மாதம் பயின்று எழுதப் படிக்கக் கற்றார். அவர் பெற்ற கல்வி அவ்வளவுதான்.

1813இல் கிரீக் இனத்தவருக்கு எதிரான போரில், ஆண்ட்ரு ஜேக்சனின் தலைமையில் குரோக்கெட் போரிட்டார். வீட்டுக்குள் கிரீக் வீரர்கள் இருக்கும்போதே படையினர் அதற்குத் தீ வைத்ததைக் கண்டார். அக்காட்சியைப் பல ஆண்டுகள் கழித்துத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார்.

1827இல் அவர் நாடாளுமன்றத்திற்குத் தேர்வு பெற்றார். 1829இல் ஜேக்சன் அதிபரானார். மறு ஆண்டே, செரோக்கி முதலிய பூர்வகுடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப வழிசெய்யும் சட்ட முன்வரைவு அவைக்கு வந்தது. டென்னசியில் பலர் அந்த நிலங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அதிபரும் அதே மாநிலத்தவர். எனினும், டென்னசி உறுப்பினர்களுள் குரோக்கெட் ஒருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். ஏழைக் குடியேறிகளுக்கு நிலம் வழங்குவது தொடர்பாக ஜேக்சனின் ஆதரவாளர்களோடு அவருக்கு ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது உண்மைதான். ஆனால், இந்த வாக்கினால் தமக்கு இழப்பே நேரும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். 97க்கு எதிராக 102 வாக்குகளில் சட்டம் நிறைவேறியது. 1831 தேர்தலில் குரோக்கெட் தோற்றார்.

1833இல் மீண்டும் வென்றார். 1835இல் மீண்டும் தோற்றார். அரசியலில் சலிப்புற்று, அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸுக்குப் புறப்பட்டார். அங்கே, மெக்சிகோ ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட குடியேறிகளுடன் சேர்ந்துகொண்டார். 1836 மார்ச் 6ஆம் நாள், பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு அலமோ கோட்டை வீழ்ந்தது. அங்கேயே அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

1838இல் செரோக்கி மக்களைப் படையினர் வீடுகளிலிருந்து வெளியேற்றினர். முகாம்களிலும் மேற்கு நோக்கிய நெடும்பயணத்திலும் குளிராலும் நோயாலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் நடந்த வழி இன்றும் கண்ணீர்ப் பாதை என்றே அழைக்கப்படுகிறது. அந்தப் பயணம் தொடங்கியபோது, குரோக்கெட் இறந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன.