டெமொஸ்தனிஸ்: எள்ளி நகையாடப்பட்ட நாவலர்

வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகிய கிரேக்க நாவலர் டெமொஸ்தனிஸின் கதையைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் கேட்டிருப்பர். கூழாங்கற்களோடு அக்கதை முடிந்துவிடுவதே வழக்கம். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவையே பெரிதும் நோக்கத்தக்கவை.

கி.மு. 384 இல் அதென்ஸ் நகரில் பிறந்த அவருக்கு ஏழு வயதானபோது, வாள் செய்யும் பட்டறை வைத்திருந்த தந்தை காலமானார். சொத்துக்குப் பொறுப்பேற்ற பாதுகாவலர் மூவரும் அதனைச் சூறையாடினர். அன்றைய அதென்ஸில் வழக்காளி தன் வழக்கைத் தானே பேசியாக வேண்டும். எனவே, பரம்பரைச் சொத்து வழக்குகளில் வல்லவரான ஈசேயஸிடம் பயின்ற அவர், இருபது வயதளவில் வழக்குத் தொடுத்து வென்றார். கைக்கு மீண்டதோ சொற்பமே.

ஆயினும், மக்கள் அவையில் அவர் முதலில் பேசியபோது கூட்டம் நகைத்தது. குரல் மெலிந்திருந்தது, மூச்சு இடையில் அறுந்தது, வாக்கியங்கள் முடிவின்றி நீண்டன. மனமுடைந்து திரும்பியவரை சற்றீரஸ் என்னும் நடிகர் ஒரு நாடகப் பகுதியை ஒப்புவிக்கச் செய்து, அதனையே தாம் உரிய பாவத்துடன் சொல்லிக் காட்டினாராம். சொற்கள் அவையே, கேட்பவர் உள்ளத்தில் அவை பதிந்த விதம் வேறு. நிலவறைப் பயிற்சி, வெளியே செல்ல நாணும்படி பாதித் தலையை மழித்துக்கொண்டமை, மேட்டில் ஏறியவாறே செய்யுள் ஒப்புவித்தமை, கூழாங்கற்கள் என்பனவெல்லாம் அவர் தம் குறைகளைக் களைய மேற்கொண்ட முயற்சிகளாகச் சொல்லப்படுகின்றன. புளுட்டாக் இவற்றை எழுதிவைத்தது பல நூற்றாண்டுகள் கழித்தே என்பதால் சிறிது மிகையும் கலந்திருக்கலாம். ஆயத்தமின்றி அவர் பேச எழுந்தது அரிது. அவரது வாதங்களில் இரவு விளக்கின் எண்ணெய் வாடை வீசுவதாக எதிரிகள் கேலி செய்தனர்.

மசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆதிக்கம் வளரக் கண்டு, கி.மு. 351 முதல் அவர் எச்சரிக்கலானார். திருவிழாக் காட்சிகளுக்கென மக்களுக்குப் பகிரப்பட்டு வந்த பணத்தைப் போர்ச் செலவுக்குத் திருப்புமாறு அந்த மக்களிடமே வேண்டினார். கைதட்டலை விரும்பும் பேச்சாளர் எவரும் எளிதில் தொடாத விடயம் அது. கி.மு. 346 இல் தூதுக்குழுவுடன் சென்று பிலிப்பின் முன் நின்றபோது அவர் நாக்குழறி நின்றதாக, உடன் சென்ற ஈஸ்கினிஸ் பின்னர் கூறினார். பகைவரின் சாட்சியம், முழுவதும் நம்ப வேண்டியதில்லை.

கி.மு. 338 இல் கெரோனியாப் போரில் அதென்ஸ் தோற்றது. போருக்குத் தூண்டியவர் எனப் பழித்திருக்கக்கூடிய மக்கள், மாண்ட வீரருக்கு அஞ்சலியுரை ஆற்ற அவரையே தெரிவு செய்தனர். அவருக்குப் பொன்முடி சூட்டும் பிரேரணைக்கு எதிராக ஈஸ்கினிஸ் தொடுத்த வழக்கு கி.மு. 330 இல் விசாரணைக்கு வந்தது. ஈஸ்கினிஸோ முன்னாள் நடிகர். இயற்கையிலேயே வளமான குரல் படைத்தவர். தோல்வியில் முடிந்த கொள்கைக்காக டெமொஸ்தனிஸ் மன்னிப்புக் கோரவில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் அதென்ஸ் வேறு வழியை நாடியிருக்க முடியாது என்று வாதிட்டார். ஈஸ்கினிஸுக்கு ஐந்திலொரு பங்கு வாக்கேனும் கிட்டவில்லை; அவர் நகரை விட்டே வெளியேறினார்.

பிற்காலத்தில் இலஞ்சக் குற்றச்சாட்டில் தண்டனை பெற்று நாடு நீங்கியமை டெமொஸ்தனிஸின் வாழ்வில் படிந்த கறை. மகா அலெக்சாந்தர் இறந்தபின் அதென்ஸ் அவரை மீள அழைத்தது. கி.மு. 322 இல் மசிடோனியப் படையினர் தேடி வந்தபோது, கலோரியாத் தீவிலுள்ள பொசைடன் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த அவர் நஞ்சுண்டு உயிர்நீத்தார்.