மழைத்துளியை அளந்த மார்ஷல்

சென்ற தை மாதம் எங்கள் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வானம் கறுத்தது. கைப்பேசியில் ரேடார் படத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வெளிர் நிறந்தான் தெரிந்தது. வெறும் தூறல், தார்ப்பாய் வேண்டாம் என்று தந்தையாரிடம் கூறினேன். விடாது பெய்த மழையில் நெல் முழுவதும் நனைந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மார்ஷல் என்னும் பேரறிஞரை அறிந்தேன்.

மார்ஷல் 1911-ஆம் ஆண்டு கனடாவில் பிறந்தார். இயற்பியல் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தேடிய ரேடார் திரைகளில் மழையும் எதிரொலித்துத் தொல்லை தந்தது. 1943-இல் அத்தொல்லையையே ஆராயும் பணி அவரிடம் வந்தது. போருக்குப் பின் மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வைத் தொடர்ந்தார்.

எதிரொலியைக் கொண்டு மழையை அளக்க இயலுமா? விடை காண, சாயப்பொடி தடவிய வடிதாளை மழையில் நீட்டி, துளிகள் பதித்த கறைகளை அவர் குழுவினர் அளந்தனர். துளியின் விட்டம் இருமடங்கானால் அதன் நீர் 8 மடங்காகும். எதிரொலியோ 64 மடங்காகும். ஆகவே ஒரே அளவு நீர் பெருந்துளிகளாக விழுந்தால் திரை பளிச்சிடும்; சிறுதுளிகளாக விழுந்தால் மங்கும். எவ்வளவு மழைக்கு எந்த அளவுத் துளிகள் எத்தனை இருக்கும் என்னும் சராசரி விதியைப் பாமருடன் இணைந்து 1948-இல் வெளியிட்டார். மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழையோ, அதன் 1.6 அடுக்கை 200 ஆல் பெருக்கினால் எதிரொலிப்புக் காரணி கிடைக்கும் என்னும் சூத்திரம் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. ரேடார் எதிரொலிப்பைத் தர, சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு மழையைக் கணக்கிடுகின்றனர்.

1950-களில், பல கோணங்களில் திரட்டிய எதிரொலிகளை ஒரே உயரத்துக்குரிய படமாகத் தொகுக்கும் முறையையும் அவர் குழு உருவாக்கியது. 1992-இல் மார்ஷல் மறைந்தார். மக்கில் ரேடார் ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

சராசரி விதி எல்லா மழைக்கும் பொருந்தாது. அதனால்தான் ரேடார் கணக்கை மழைமானியோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். அன்று எங்கள் களத்தில் பெய்தது சிறுதுளி மழையாக இருந்திருக்கலாம். இதைத் தந்தையாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், அடுத்த முறை படத்தையும் பார், வானத்தையும் பார் என்றார். மார்ஷலும் அதைத்தானே செய்தார், நண்பர்களே! திரையோடு நில்லாமல், மழையில் தாளை நீட்டினார்.