கண்டியிலிருந்து எகிப்தைப் பார்த்தவர்: சித்திலெப்பையும் நான் எழுதிய ஒரு செய்தியும்

2019 மே மாதம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரங்கூட ஆகியிருக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகளில் இன்னும் அழுகை ஓயவில்லை. அப்போது ஓர் ஊடக நிறுவனம் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் காத்தான்குடிக்குப் போகச் சொன்னது. பிரதான வீதியின் நடுவே நட்டிருக்கும் பேரீச்ச மரங்களையும் அரபு எழுத்துள்ள பெயர்ப் பலகைகளையும் படம் எடுத்து, ஒரு கட்டுரை தரவேண்டும். நான் கதிரவெளியிலிருந்து காலை பஸ்ஸில் புறப்பட்டேன்.

படங்கள் எடுத்தேன். அங்கே ஓர் ஆசிரியையுடனும் பேசினேன். விஞ்ஞானம் படிப்பிப்பவர், அபாயா அணிபவர். குண்டு வைத்தவனின் குழுவுக்கு எதிராகத் தன் ஊரவர்கள் முன்னரே முறையிட்டதைப் பற்றி நீண்ட நேரம் சொன்னார். அதையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் வந்த கட்டுரையில் ஆசிரியை இல்லை. பேரீச்ச மரங்கள் இருந்தன. தலைப்பு ஊரையே அரபுப் பாலைவனமாக்கிவிட்டிருந்தது. கீழே என் பெயர். அது ஆயிரக்கணக்கானோரால் பகிரப்பட்டது. நான் மறுப்பு எழுதவில்லை. கொடுப்பனவை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணம் என் ஊர்.

2006 நவம்பர் 8ஆம் திகதி எங்கள் ஊர்ப் பாடசாலை மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்குப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள்தான் அங்கே தங்கியிருந்தார்கள். 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அடுத்த நாட்களில் தென்னிலங்கைப் பத்திரிகைகள் பலவற்றில் அந்தச் சனங்கள் மனிதக் கேடயம் என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போனார்கள். முகாம் இருந்த இடத்தில் படை நிலைகள் எதையும் காணவில்லை என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது சிறிய எழுத்தில் வந்தது, சிலவற்றில் வரவேயில்லை. எங்களைப் பற்றி எழுதியவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் ஊடகக் கற்கை படிக்கப் போனேன். பதின்மூன்று வருடங்கள் கழித்து அதே வேலையைக் காத்தான்குடிக்கு நானே செய்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சித்திலெப்பையைத் திரும்பப் படித்தேன். பட்டப்படிப்பில் அவர் எங்களுக்கு ஒரு வரி மட்டும்: 1882, முஸ்லிம் நேசன். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த வருடத்தையும் அந்தப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால், அரபு நாடுகளைப் பற்றிப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்ற இன்றைய கேள்வி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கண்டிச் சட்டத்தரணி

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார். அவருடைய தகப்பனார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தரணியானவர் என்று சொல்லப்படுபவர். மகனும் அதே தொழிலைக் கண்டியில் செய்தார். தமிழ், அரபு, ஆங்கிலம், சிங்களம் நான்கும் அறிந்தவர். வசதியாக வாழ்ந்து முடித்திருக்கக்கூடிய வாழ்க்கை.

நீதிமன்றத்தில் நாளாந்தம் அவர் கண்டது வேறு. மிசனரிப் பள்ளிக்கூடங்களில் படித்த கிறிஸ்தவர்கள் அரசாங்க உத்தியோகங்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அமைத்துவிட்டு 1879இல் மறைந்திருந்தார். 1880இல் கேணல் ஒல்கொட் வந்திறங்கியதும் பௌத்தர்கள் தங்கள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்கள். முஸ்லிம்களிடம் குர்ஆன் ஓதும் மதரசாக்கள் இருந்தன. அதற்கு மேல் படிக்க வழியில்லை. மிசனரிப் பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. மிசனரிகள் மதம் மாற்றத்தான் வந்திருந்தார்கள்.

சித்திலெப்பை எடுத்த முடிவு, படிப்பையும் மார்க்கத்தையும் ஒரே கட்டடத்துக்குள் வைப்பது. சட்டத் தொழிலைக் கைவிட்டார். கைப்பொருளைப் போட்டு அச்சுக்கூடம் வைத்தார். 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் வாரப் பத்திரிகை தமிழில் வெளிவந்தது.

அந்த மூன்று வாரங்கள்

அந்த வருடம் எகிப்தில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் எகிப்து ஐரோப்பியக் கடன்காரர்களின் பிடிக்குள் போய்விட்டது. கமக்காரக் குடும்பத்தில் பிறந்து இராணுவத்தில் கேணலாக உயர்ந்த அஹ்மத் உராபி என்ற அதிகாரி, எகிப்து எகிப்தியருக்கே என்ற குரலின் முகமானார். இலங்கையில் அவரை அராபி பாஷா என்றார்கள். 1882 ஜூலை 11இல் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது. செப்டெம்பர் 13இல் தெல் எல் கெபீர் போரில் உராபியின் படை தோற்றது. டிசம்பர் தொடக்கத்தில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. நாடுகடத்தும் இடம் இலங்கை.

லண்டன் பத்திரிகைகள் பெரும்பாலானவற்றில் உராபி ஒரு மதவெறியர், கலகக்காரர். அரசியலமைப்பும் பாராளுமன்றமும் கேட்ட இயக்கம், நாகரிகத்துக்கு எதிரான முஸ்லிம் வெறியாக எழுதப்பட்டது. ஐரோப்பாவிடமிருந்து நாகரிகத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் ஒரு பக்கம், மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுப்பவர்கள் மறுபக்கம் என்று அரபு நாடுகளை இரண்டாக வெட்டிப் பார்க்கும் வழக்கம் அப்போதே அச்சில் ஊறிவிட்டது. அதை மறுத்து அங்கேயே எழுதியவர்களும் இருந்தார்கள். வில்பிரட் பிளண்ட் என்ற ஆங்கிலேயர் தன் பணத்தைச் செலவழித்து உராபிக்குச் சட்டத்தரணிகளை ஏற்பாடு செய்தார். அவர்கள் சிறுபான்மை.

அந்தச் செய்திகள் கொழும்புக்குத் தந்தியில் ஆங்கிலத்தில் வந்தன. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் தன் மார்க்கத்தவர் பற்றி அறிய, அவர்களைத் தோற்கடித்தவர்களின் பத்திரிகையைத்தான் நம்பியிருக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் முஸ்லிம் நேசன் பிறந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, 1883 ஜனவரியில், உராபியும் மற்ற ஆறு பாஷாக்களும் குடும்பங்களுடன் கொழும்பில் வந்திறங்கினார்கள். மதவெறியர் என்று எழுதப்பட்டவரைப் பார்க்கத் துறைமுகத்தில் சனம் திரண்டது. பத்திரிகையில் வாசித்த மனிதரையும் கண்ணெதிரே நிற்கும் மனிதரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இலங்கை முஸ்லிம்களுக்குக் கிடைத்தது. அவர் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார், பள்ளிவாசலுக்கும் போனார்.

சித்திலெப்பைக்கு அவர் நண்பரானார். முஸ்லிம் நேசன் உதுமானியப் பேரரசு, எகிப்து, மற்ற முஸ்லிம் நாடுகளின் செய்திகளைத் தமிழில் கொடுத்தது. தமிழகத்திலும் சிங்கப்பூர், பினாங்கு வரையிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அந்தச் செய்திகளில் அரபு நாடு பழமையில் உறைந்த இடமாக இருக்கவில்லை. அங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அச்சுக்கூடங்கள் இருக்கின்றன, வாதங்கள் நடக்கின்றன என்று வாசகனுக்குத் தெரிந்தது.

இதில் சித்திலெப்பையைப் பெரிய புரட்சிக்காரராக்கவும் கூடாது. அவர் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பியவரல்ல. சட்டத்துக்குள் நின்று மனுக்கொடுப்பதிலும் ஆங்கிலக் கல்வியிலும் நம்பிக்கை வைத்தவர். உராபியை மதித்த கையால்தான் மகாராணியின் ஆட்சியையும் ஏற்றுக்கொண்டார். இன்று வாசிக்கும்போது அது உறுத்துகிறது. ஆனால் எதிரியின் மொழியைப் படித்தாலே மார்க்கம் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கும், மார்க்கத்தை விட்டால்தான் முன்னேறலாம் என்ற வாதத்துக்கும் நடுவில் நின்றவருக்குக் கிடைத்த நிலம் அவ்வளவுதான்.

நாவலும் பள்ளிக்கூடமும்

1885இல் அவர் அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவல்களில் முதலாவதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது அதுதான். வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வந்து ஆறே வருடம். எகிப்தியப் பெரிய குடும்பமொன்றின் பிள்ளை சிறுவயதில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கடைசியில் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறான். ஈழத்தின் முதல் தமிழ் நாவலின் நாயகன் ஓர் அரபி என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிடுகின்றன. லண்டன் பத்திரிகை மதவெறியர்களின் நாடு என்று எழுதிய எகிப்தைக் கண்டிச் சட்டத்தரணி தமிழில் ஒரு பிள்ளையின் வீடாக எழுதினார்.

பள்ளிக்கூட வேலை அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கொழும்பில் 1884இல் தொடங்கிய முயற்சி நிலைக்கவில்லை. பணம் போதவில்லை. ஆங்கிலப் படிப்பைச் சந்தேகித்த சொந்தச் சமூகத்தவர்களின் எதிர்ப்பும் இருந்தது. அவர் விடவில்லை. கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து, அதைத் தன் சகோதரியின் பொறுப்பில் விட்டார். 1892இல் வாப்பிச்சி மரைக்கார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஆகியோருடன் சேர்ந்து மருதானைப் பள்ளிவாசலடியில் அல்மதரசத்துஸ் ஸாஹிராவைத் தொடங்கினார். திறப்பு விழாவில் உராபி பாஷாவும் இருந்தார். அதுதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. பள்ளிவாசல் வளவுக்குள் அரபும் ஆங்கிலமும் தமிழும் படிப்பிக்கும் வகுப்புகள். மரபா நவீனமா என்று பத்திரிகைகள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அந்தக் கட்டடம்.

அதற்கிடையில் முஸ்லிம் நேசன் நின்றுபோனது. பிறகு ஞானதீபம் என்ற சஞ்சிகையை நடத்தினார். 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்ற ஞான நூலை எழுதினார். 1898 பெப்ரவரி 5இல் கண்டியில் காலமானார். அடுத்த மாதம் கெய்ரோவில் ரஷீத் ரிதா, மார்க்கத்தையும் புதிய காலத்தையும் பற்றிப் பேச அல்மனார் என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அரபுலகம் முழுதும் அது பரவியது. அந்த வாதத்தில் பதினைந்து வருடங்களுக்கு முன்பே தமிழில் இறங்கியிருந்தவரைப் பற்றி அங்கே எத்தனை பேர் அறிந்தார்களோ. உராபி 1901இல்தான் நாடு திரும்பினார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அவர் பெயரில் கலாசார நிலையமாக இருக்கிறது. சித்திலெப்பைக்கு அரசாங்கம் 1977இல் முத்திரை வெளியிட்டது.

எங்களிடம் மீந்தது

எங்கள் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் உள்ள கணக்கு நீளமானது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். இதை வாசிக்கும் பலருக்கு இந்த ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் சொந்தப் பெயர்கள் இருக்கும். அந்தக் காயங்களை ஒரு பழைய பத்திரிகையாசிரியரின் கதை ஆற்றாது.

ஆனால் 2007 ஜனவரியில் வாகரையை விட்டுக் காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தபோது, ஓட்டமாவடியில் ஒரு கடைக்கார நானா எங்கள் குடும்பத்துக்குப் பாணும் தேத்தண்ணியும் தந்து காசு வாங்க மறுத்தார். அவருடைய கடைப் பலகையிலும் அரபு எழுத்து இருந்தது. 2019இல் கட்டுரை எழுதும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கவேண்டும்.

போன மாதம் காத்தான்குடிக்கு மறுபடி போனேன். அந்த ஆசிரியையைத் தேடிப் பிடித்து, வெட்டுப்பட்ட பகுதியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கட்டுரையை அவர் அப்போதே வாசித்திருந்தார். தேத்தண்ணி தந்தார். பேரீச்ச மரங்களைப் பற்றி இருவரும் பேசவில்லை. தன் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூட வசதி போதாமல் பிள்ளைகள் கஷ்டப்படுவதைப் பற்றித்தான் சொன்னார். கதிரவெளியிலும் அதே கதைதான். இரண்டு ஊர்ப் பாடசாலைகளையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.