ஓடும் காரை நிறுத்த வழி கண்டவர்

மோட்டார் காரை ஓட வைத்தவர்களின் புகழ் உலகறிந்தது. ஓடும் காரை நிறுத்துவதற்குச் சிறந்த வழி கண்ட ஒருவரோ வறுமையில் காலமானார். அவர்தான் பிரெடரிக் லான்செஸ்டர்.

பட்டம் பெறாத மேதை

1868-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி லண்டனில் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். தகப்பனார் கட்டடக் கலைஞர். லான்செஸ்டர் சவுத் கென்சிங்டனில் விஞ்ஞானம் படித்தார். ஆனால் பட்டம் பெறவில்லை. பர்மிங்காம் நகரில் எரிவாயு எஞ்சின் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தம்பிகளின் துணையோடு சொந்தமாகக் கார் செய்தார். அது 1896-ல் தெருவில் ஓடியது. 1899-ல் கம்பெனியும் தொடங்கிவிட்டார்.

தட்டைப் பிடித்தால் போதும்

கார் வேகம் கூடக் கூட, அதை நிறுத்துவதும் கடினமாயிற்று. லான்செஸ்டர் ஓர் எளிய வழி கண்டார். சக்கரத்துடன் ஒரு மெல்லிய உலோகத் தட்டும் சுழலும். பிரேக் போட்டதும் இரு பக்கமும் உள்ள கட்டைகள் தட்டை இடுக்கிபோல் கவ்வும். சக்கரம் நின்றுவிடும். இதற்கு 1902-ல் காப்புரிமை பெற்றார்.

யோசனை சரிதான், பொருள்தான் சரியாக அமையவில்லை. கட்டைகளில் செம்பு பதித்திருந்தார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் காது கிழியும் சத்தம் எழுந்தது. புழுதிச் சாலைகளில் செம்பும் விரைவில் தேய்ந்தது. தட்டு பிரேக் மூலையில் ஒதுங்கியது.

கை கொடுக்காத செல்வம்

1904-ல் பணமுடையால் கம்பெனி நொடித்தது. அது மீண்டும் எழுந்தபோதிலும், லான்செஸ்டர் நாளடைவில் பிற கம்பெனிகளுக்கு ஆலோசகரானார். விமானம் பறக்கும் தத்துவம் பற்றி 1907, 1908-ம் ஆண்டுகளில் இரு நூல்கள் வெளியிட்டார். 1922-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. புகழ் வந்தது, பணம் வரவில்லை. நோயும் வறுமையும் வாட்ட, 1946 மார்ச் 8-ந் தேதி தமது 77-வது வயதில் பர்மிங்காமில் கண் மூடினார்.

இறந்த பின் வெற்றி

ஏழே ஆண்டுகளில் அவர் யோசனை உயிர் பெற்றது. 1953-ல் பிரான்சில் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே அடைபடும்; டிரம்மும் விரிந்து பிடி தளரும். தட்டோ திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

இன்று பழைய வேன்களின் முன் சக்கரங்களிலும் இந்தத் தட்டைக் காணலாம். ஓடி ஓடித் தட்டு மேடுபள்ளமானால், மிதிக்கும்போது பெடல் அதிரும். மெக்கானிக் அதைக் கழற்றி லேத்தில் மாட்டி, இரு முகத்தையும் மெல்லச் சீவி மட்டமாக்குகிறார். எவ்வளவு கனம் மிஞ்ச வேண்டும் என்ற அளவைப் பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் சீவக் கூடாது; புதுத் தட்டுதான் போட வேண்டும். மெலிந்த தட்டு சூடு தாங்காமல் வெடித்துவிடக்கூடும்.

லான்செஸ்டரின் பெயர் பட்டறைகளில் யாருக்கும் தெரியாது. ஆனால் வேனில் ஏறும் அத்தனை பேரின் உயிரும் அவர் கண்ட தட்டை நம்பியே இருக்கிறது.