கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்திய புனிதர்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். அவர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர் என்பதும், கோவாவில் அவரது உடல் இருக்கிறது என்பதும் நம் வீட்டுச் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் நம் தமிழ் மண்ணில் பங்கு வாழ்க்கைக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும், அந்த அடித்தளத்தில் பணத்தைக் குறித்த தெளிவான ஒழுங்கு இருந்தது என்பதையும் நாம் அதிகம் நினைப்பதில்லை. பங்குகளில் மனக்கசப்பு பல நேரங்களில் கணக்கில்தான் தொடங்குகிறது. ஆகவே இந்தக் கோணத்தில் அவரது வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

கோட்டையில் பிறந்தவர்

1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நவார் நாட்டிலுள்ள சவேரியார் கோட்டையில் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை சட்டம் படித்தவர். அரசவையில் உயர் பொறுப்பு வகித்தவர். ஆனால் 1512இல் வந்த போர் அந்தக் குடும்பத்தின் நிலையைத் தலைகீழாக்கியது. தந்தை 1515இல் இறந்தார். கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. செல்வம் எவ்வளவு விரைவில் கைவிட்டுப் போகும் என்பதைப் பத்து வயதிலேயே கண்ணால் கண்டவர் அவர்.

1525இல் படிப்பதற்காகப் பாரிஸ் நகருக்குச் சென்றார். பட்டமும் பதவியும் பெற்றுக் குடும்பப் பெருமையை மீட்க வேண்டும் என்பது அவரது ஆசை. அங்கே இஞ்ஞாசியாரின் நட்பு கிடைத்தது. உலகையெல்லாம் ஆதாயமாக்கிக்கொண்டாலும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்ற நற்செய்திக் கேள்வி மெல்ல அவரை மாற்றியது. 1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், மோன்மார்த்ர் குன்றில் இஞ்ஞாசியாரோடும் மற்றத் தோழர்களோடும் அவர் ஏழ்மை, கற்பு வார்த்தைப்பாடுகளை எடுத்தார்.

1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் 35ஆம் பிறந்தநாளில், லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார். போர்த்துக்கல் அரசரின் அதிகாரிகள் பயணத்துக்கு வேண்டிய பொருள்களையும் ஒரு பணியாளரையும் தர முன்வந்தார்கள். அவரோ சில நூல்களையும் குளிருக்கான துணியையும் மட்டும் பெற்றுக்கொண்டார். தம் துணியைத் தாமே துவைப்பதும் தம் சோற்றைத் தாமே சமைப்பதும் தமக்கு இழுக்கல்ல என்று பணியாளரை மறுத்துவிட்டார். 1542ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

முத்துக்குளித்துறையில்

அதே ஆண்டு இறுதியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் ஏறக்குறைய 20,000 பேர் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தமிழில் மறைக்கல்வி தருவார் இல்லை. சவேரியார் தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று கடற்கரை மணலில் அவர் நடக்காத ஊர் இல்லை.

விரைவில் ஓர் உண்மை அவருக்குப் புரிந்தது. ஒருவரே எல்லா ஊர்களிலும் இருக்க முடியாது. அருள்பணியாளர் இல்லாத நாள்களிலும் ஊரில் செபம் நடக்க வேண்டும். குழந்தைகள் மறைக்கல்வி கற்க வேண்டும். சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஆள் வேண்டும். பிறப்பும் திருமணமும் பதிவாக வேண்டும். அதற்காக ஊர்தோறும் ஒருவரை நியமித்தார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். நம் பங்குகளின் முதல் பொதுநிலைப் பணியாளருக்குக் கிடைத்த பெயரிலேயே கணக்கு இருக்கிறது! இன்றும் தென் மாவட்டங்களில் உபதேசியாரைக் கோவில் கணக்கப்பிள்ளை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

அரசியின் காலணிப் பணம்

கணக்கப்பிள்ளைகளும் குடும்பம் உள்ளவர்கள். அவர்கள் பிழைப்புக்கு என்ன வழி? கூலி கொடுக்காமல் வேலை வாங்க சவேரியார் நினைக்கவில்லை. முத்துக்குளிப்பில் கிடைத்த வரியிலிருந்து ஆண்டுக்கு 4000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு ஆளுநரிடமிருந்து அவர் பெற்றார். இந்தக் கடற்கரைக் குழந்தைகளைவிட விண்ணகம் ஏறுவதற்கு நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பணம் அரசியின் கருவூலத்தில் விளைந்ததல்ல. மூச்சை அடக்கி ஆழ்கடலில் மூழ்கிய நம் மக்களின் உழைப்பில் வந்தது. அவர்கள் உழைப்பின் பயன் அவர்கள் குழந்தைகளிடமே திரும்பி வந்தது. பொதுப் பணம் யாருடைய வியர்வை, அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சவேரியாரின் செயலில் விடை இருக்கிறது.

பசித்தவர்களை நோக்கி

1544ஆம் ஆண்டு படகர் என்று அழைக்கப்பட்ட வடக்கத்திப் படைவீரர்கள் கடற்கரை ஊர்களைத் தாக்கினார்கள். மக்கள் குமரி முனைப் பாறைகளுக்கு ஓடி ஒளிந்தார்கள். பசியிலும் தாகத்திலும் பலர் மடிந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் 20 தோணிகளில் உதவிப் பொருள்களோடு புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைப் போகவிடவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. பின்னர் தரைவழியாக நடந்தே அவர்களிடம் சென்றார். முதியோரும் பிள்ளை பெற்ற பெண்களும் பட்ட துன்பத்தைக் கண்டு அவர் உள்ளம் உருகியது.

1545இல் சில மாதங்கள் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறை அருகே தங்கிச் செபித்தார். அங்கிருந்து மலாக்காவுக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்கும் சென்று, 1548இல் மீண்டும் மணப்பாட்டுக்கு வந்தார். அப்போது அங்கு பணியாற்றிய தம் சபையினருக்குச் சில ஒழுங்குகளை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை பெண்களும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களும் கோவிலில் கூடுவார்கள். அவர்கள் போடும் காணிக்கையையும், நோயாளிகள் நேர்ந்துகொண்டு தருவதையும் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும். அதில் எதையும் தங்களுக்கென எடுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சண்டை சச்சரவுகளைத் தீர்த்து வைப்பது, நோயாளிகளைச் சந்திப்பது, மக்களைப் பற்றி அதிகாரிகளிடம் இழிவாகப் பேசாதிருப்பது ஆகியவையும் அவற்றில் இருந்தன. பண ஒழுங்கும் சமூக ஒற்றுமையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன!

அடுத்த ஆண்டு ஓர்முஸ் தீவுக்குச் சென்ற ஒரு குருவுக்கும் இதே அறிவுரையைத் தந்தார். மக்கள் தரும் தர்மப் பணத்தை நேரடியாகக் கையாளாமல், ஏழைகளுக்கு உதவும் இரக்கச் சபையினரிடம் ஒப்படைக்கச் சொன்னார். மற்றவர்களின் சந்தேகத்துக்கு இடம் தரக் கூடாது என்பது அவரது எண்ணம். அவர் அந்தக் குருவை நம்பவில்லை என்று பொருளா? இல்லை. நல்லவரின் பெயருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் காலத்தில் புன்னைக்காயலில் மருத்துவமனை எழுந்தது. மக்களின் காணிக்கை அதைத் தாங்கியது. 1578இல் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் கொல்லத்தில் அச்சேறியது. சவேரியாரோ 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் ஒரு குடிசையில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 46. 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இன்று நமக்கு

அன்பு மக்களே, நாம் அறிந்த ஒரு பங்கில் சில ஆண்டுகள் திருவிழாக் கணக்கு வாசிக்கப்படவில்லை. யாரும் திருடவில்லை; எழுதி வைக்கச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அன்பியக் கூட்டத்துக்கு ஒரு தெரு வரவில்லை. சமாதானம் செய்யப் போனவர்களுள் நாமும் இருந்தோம். தொலைந்த பணத்தைவிடத் தொலைந்த நம்பிக்கையைத் தேடுவது கடினம் என்று அன்று கண்டோம்.

திருத்தணி அருகே அம்மையார்குப்பம் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி அதை அப்படியே விட்டுவிடுவதில்லை. உடனே தறியை நிறுத்தி, அறுந்த இழையைப் பிணைத்த பிறகே தொடர்கிறார். விட்டால் துணி முழுவதும் கெடும் என்று அவருக்குத் தெரியும். பங்கும் அப்படித்தான். ஒரு சிறு சந்தேகம் எழும்போதே கணக்கைத் திறந்து காட்டினால் இழை பிணைந்துவிடும்.

திருச்சபையின் சட்டமும் இதையே கேட்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 537ஆம் எண் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் தரும் காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் எண். எனவே கணக்குக் கேட்பது குருவை அவமதிப்பதாகாது. கணக்குக் காட்டுவதும் குருவுக்குத் தாழ்வாகாது. ஆனால் கேட்பவர் முதலில் தம் சந்தாவைக் கொடுத்திருக்க வேண்டும்; அன்போடும் கேட்க வேண்டும்.

நம்மை நாமே கேட்போம். நம் பங்கின் உண்டியல் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணப்படுகிறதா? திருவிழா முடிந்த மாதமே வரவு செலவு வாசிக்கப்படுகிறதா? உபதேசியாருக்கும் கோவில் பணியாளருக்கும் நியாயமான ஊதியம் தருகிறோமா? வாணவேடிக்கைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியாவது ஏழைகளுக்குப் போகிறதா?

புனித சவேரியாரே, நாங்கள் தரும் சிறு காசும் ஏழையின் கையில் சேரவும், எங்கள் கணக்கும் எங்கள் உள்ளமும் ஒருபோல் தெளிவாக இருக்கவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.