இராக்லாந்து ஐயர்

பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி பெரும்பாலும் கரிசற்காடு. வானம் பொய்த்தால் அங்கு வாழ்வும் பொய்க்கும். அப்பகுதியிலுள்ள சிவகாசி இன்று தீப்பெட்டியாலும் பட்டாசாலும் பெயர் பெற்று, விருதுநகர் மாவட்டத்தின் சிறந்த ஊர்களுள் ஒன்றாய்த் திகழ்கின்றது. தீப்பெட்டித் தொழில் அங்கே கால்கொண்டது 1923-ஆம் ஆண்டை ஒட்டியாகும். அதற்கு அறுபது ஆண்டுகட்கும் முன்னர், அவ்வூரில் அயல்நாட்டார் ஒருவர் தம் வாழ்நாளை நிறைவு செய்தார். தாமஸ் கஜெட்டன் இராக்லாந்து என்பது அவர்தம் பெயர்.

அவர் 1815-இல் ஜிப்ரால்டரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தமையின் உறவினர் ஆதரவில் வளர்ந்து, லிவர்ப்பூல் நகரில் உறவினர் ஒருவரின் வணிக நிலையத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்து, 1841-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் ஆய்வோருள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. ஆதரவற்ற பிள்ளைக்கு இத்துணை உயர்வு வாய்த்தால், அதனைத் தன் ஆற்றலின் விளைவெனச் செருக்குதல் உலகியல்பு. இராக்லாந்தோ, தம்மைத் தகுதியற்றவரென்றும், பெற்றவை யாவும் இறைவன் அன்பினால் வந்தவையென்றும் கொண்டார். சிலர் இதனை வெறும் அடக்கம் என்பர். அவருக்கு அது தீர்க்கவேண்டிய கடனாகவே இருந்தது.

1846-இல் சென்னை வந்து, சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராய் அமர்ந்தார். கடிதமும் கணக்கும் கொண்ட அப்பணியில், லிவர்ப்பூலில் பெற்ற பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. சிறு கணக்கையும் பெருங்கடமை போலக் கருதிப் பேணினார். ஆயினும் அவர் உள்ளம் தெற்கே சென்றது. திருநெல்வேலியின் தென்பகுதியில் கிறித்தவச் சபைகள் பல தழைத்திருந்தன. வடபகுதியிலோ அவை மிகச் சிலவே.

1854-இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இருவரோடு அவ்வடபகுதிக்குச் சென்றார். ஆயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட அந்நிலத்தில் அவர்கட்கு நிலையான இல்லம் இல்லை, கூடாரமே வீடு. ஓரூரில் சில நாள் தங்குவர். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் மக்களோடு உரையாடுவர். பின் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடம் செல்வர். சித்திரை வெயிலில் கூடாரத்தின் உட்புறம் உலைக்களம் போற் கொதிக்கும். முன்னரே நலிந்த மார்பினர்க்கு அவ்வாழ்வு எளிதன்று.

தென்பகுதிச் சபையார் இதனை வாளா பார்த்திருக்கவில்லை. தம் உபதேசியாரை முறைவைத்து ஒவ்வொரு மாதம் வடக்கே அனுப்பி, அவர்க்காகும் செலவையும் தாமே ஏற்றனர். பனையேறியும் உழுதும் பிழைத்த எளியவர் பலர் அச்சபைகளில் இருந்தனர். தாம் பெற்ற அன்பை வடக்கிலுள்ளாரும் பெறல் வேண்டும் என்று அவர்கள் கருதியதை, ஐயரின் தொண்டுக்கு இணையாகவே மதித்தல் தகும்.

நான்கு ஆண்டுகள் உழைத்தும் கண்ட பயன் சிறிதே. பல ஊர்களில் கேட்டவர் கேட்டதோடு அகன்றனர். ஐயர் அதனால் தளர்ந்திலர். மண்ணில் விழுந்து மாயும் கோதுமை மணியே பல மணிகளைத் தரும் என யோவான் எழுதிய நற்செய்தி கூறும். அவ்வுவமையையே தம் தொண்டுக்கு நெறியாகக் கொண்டிருந்தார். விளைவைக் கண்டபின்னரே நன்றி கூறுவது அவர் வழக்கமன்று.

1858-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள், சிவகாசியில், நுரையீரலிலிருந்து திடீரெனக் குருதி பெருகிற்று. சிறிது பொழுதில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை 43.

உடன் உழைத்த ஃபென்னும் மெடோசும் அப்பணியைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் சிவகாசியை அடுத்துச் சாட்சியாபுரம் என்னும் கிறித்தவக் குடியிருப்பு எழுந்தது. டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஐயர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின், அவர் வரலாற்றைத் தேடி எடுத்து ஒரு நூலாக எழுதினார்.