சைகைவழிக் கல்வியின் முன்னோடி: அபே தெ லெபேயின் வாழ்வும் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

பிரான்சு நாட்டுக் குருவாகிய சார்லஸ் மிஷெல் தெ லெபே (1712–1789), காதுகேளாதோரின் சைகைகளைத் தாமே கற்று, அவற்றைக் கல்வியின் வாயிலாக ஏற்றவர். அவருடைய வாழ்வையும் கற்பித்தல் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மாணவரிடமிருந்து கற்றமை அவருடைய பெருமை. அவர்தம் மொழிக்கெனத் தனி இலக்கணம் உண்டென உணராமை அவருடைய எல்லை. இவ்விரண்டும் தமிழ்நாட்டின் காதுகேளாதோர் கல்விக்கு இன்றும் பொருந்துவன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சைகைமொழி, காதுகேளாதோர் கல்வி, லெபே, முறைப்படுத்திய சைகைகள், பாளையங்கோட்டை.

முன்னுரை

தமிழிலக்கண மரபு ஒலியிலிருந்து தொடங்குகிறது. தொல்காப்பியம் எழுத்தின் பிறப்பைக் கூறுமிடத்து, காற்று எழுந்து மிடறு, பல், இதழ் முதலியவற்றில் பொருந்தும் முறையை விளக்குகிறது. கையின் பொருளுணர்த்தும் ஆற்றலையும் தமிழர் அறியாதவரல்லர். ஒற்றைக்கையைப் பிண்டி என்றும் இரட்டைக்கையைப் பிணையல் என்றும் நாட்டிய நூலார் வகுத்தனர். ஆயினும் கையசைவு ஒரு முழுமையான மொழியாதல் கூடும் என்னும் எண்ணம் உலகில் எங்கும் எளிதில் தோன்றவில்லை. அவ்வெண்ணத்திற்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் லெபே.

இளமையும் இடர்களும்

லெபே 1712 நவம்பர் 24ஆம் நாள் வெர்சாயில் பிறந்தார். தந்தையார் அரசரின் கட்டடப் பணியில் இருந்தவர். குருத்துவத்தை விரும்பி இறையியல் பயின்ற லெபே, யான்சனியம் என்னும் சமயக் கொள்கையை மறுக்கும் உறுதியுரையில் கையொப்பமிட இசையவில்லை. அதனால் குருப்பட்டம் தடைப்பட்டது. சட்டம் கற்றுப் பாரிசு வழக்குரைஞர் அவையில் சேர்ந்தார். பின்னர்த் துருவா நகர ஆயர் பொசுவே அவருக்குக் குருத்துவம் அளித்தார். அவ்வாயர் மறைந்தபின் ஆதரவு குன்றியது. பாரிசுப் பேராயர் அவருடைய குருத்துவப் பணிகளுக்குத் தடை விதித்தார். நடுவயதைக் கடந்தும் நிலையான பணி எதுவும் அவருக்கு அமையவில்லை.

இரு சகோதரியர்

1760ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் ஒரு வீட்டிற்கு லெபே சென்றதாக அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அங்குத் தையல் வேலையில் ஈடுபட்டிருந்த இளம்பெண்கள் இருவர் அவர் பேச்சுக்கு விடையளிக்கவில்லை. தாய் வந்து, மகளிர் இருவரும் காதுகேளாதவர் என்று கூறியபோதுதான் உண்மை புலனாயிற்று. வானென் என்னும் குரு படங்களைக்கொண்டு அவர்களுக்குச் சமயக்கல்வி புகட்டிவந்தார். அவர் இறந்தபின் அது நின்றுபோயிற்று. அப்பணியை லெபே ஏற்றார்.

சமய அறிவின்றி அவர்கள் வாழக்கூடாது என்பதே அவருடைய முதல் நோக்கம். அந்நோக்கம் விரைவில் மொழியாராய்ச்சியாக விரிந்தது. ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை என்று தருக்கப் பாடத்தில் அவர் கற்றிருந்தார். பொருளை ஒலியோடு இணைப்பது வழக்கே என்றால், எழுதிய சொல்லோடு நேரே இணைத்தலும் இயலும் எனத் துணிந்தார். அவ்விணைப்புக்குப் பாலமாக அமைந்தவை மாணவர் ஏற்கெனவே வழங்கிவந்த சைகைகள்.

அக்காலத்தில் காதுகேளாதோர்க்குக் கற்பித்த பிறர் பேச்சொலியைப் பயிற்றுவதையே இலக்காகக் கொண்டனர். அவர்களுள் சிலர் தம் முறையை மறைபொருளாகக் காத்து, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கற்பித்தனர். லெபே மாணவரின் கைகளை நோக்கினார். அவர்களிடம் சைகைகளைக் கற்றார். ஆசிரியரே மாணவராதல் என்னும் இந்நிலையே அவருடைய பணியின் அடித்தளம். ஐம்பதை எட்டும் வயதில், 1620இல் வெளியான போனெத் என்பாரின் நூலைப் படிப்பதற்காகவே இசுப்பானிய மொழியைக் கற்றார். அந்நூலின் ஒருகை விரலெழுத்துகளை வகுப்பிற்குக் கொணர்ந்தார். அவருடைய வேட்கைக்கு இது சான்று.

முறைப்படுத்திய சைகைகள்

மூலேன் தெருவில் இருந்த தம் வீட்டையே லெபே பள்ளியாக்கினார். ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றிக் கட்டணமில்லாமல் கற்பித்தார். பொதுமக்கள் முன்னிலையில் மாணவரின் திறனைக் காட்டும் நிகழ்ச்சிகளையும் நடத்தினார். ஆசுத்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1777இல் அங்கு வந்து கண்டார். அதன் பயனாக 1779இல் வியன்னாவில் ஒரு பள்ளி தோன்றியது.

தம் முறையை 1776இலும் 1784இலும் வெளியிட்ட நூல்களில் அவர் விளக்கினார். மாணவரின் இயற்கைச் சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணக் கூறுகளுக்குரிய சைகைகளைத் தாமே படைத்துச் சேர்த்தார். இறந்தகாலத்தைக் குறிக்கக் கையைத் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். வீச்சின் எண்ணிக்கை இறந்தகால வகையைக் காட்டும். ஆண்பாற் சொல்லுக்குத் தொப்பியையும் பெண்பாற் சொல்லுக்குக் காதோரத்தையும் தொட வேண்டும். நம்புதல் என்னும் கருத்தை, மனத்தாலும் நெஞ்சாலும் வாயாலும் ஒப்புதல், கண்ணால் காணாமை என்று பகுத்துக் காட்டினார். தமிழிலக்கணக் கலைச்சொல்லால் கூறின், வேர்ச்சொல்லை மாணவரிடமிருந்து பெற்று, இடைநிலையையும் விகுதியையும் இடைச்சொல்லையும் தாம் அமைத்தார் எனலாம்.

எதிர்ப்பும் எல்லையும்

1778இல் லைப்சிக்கில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஐனிக்கே, பேச்சொலியின்றிச் சிந்தனை அமையாது என்று வாதிட்டார். இருவருக்கும் நிகழ்ந்த மடல்வழி வாதத்தில் சூரிச் கல்விக்கழகம் லெபேயின் பக்கமே நின்றது. இவ்விருவரின் கருத்து வேறுபாடு காதுகேளாதோர் கல்வியில் இரு நூற்றாண்டுப் பூசலாக நீண்டது.

இதனினும் கருதத்தக்கது 1779இல் வெளிவந்த பியர் தெலோழின் நூல். நூற்கட்டுநராக வாழ்ந்த அவர், இளமையில் அம்மை நோயால் கேட்கும் திறனை இழந்தவர், லெபேயின் மாணவரல்லர். பாரிசின் காதுகேளாத உழைப்பாளர் தமக்குள் சைகையால் எல்லாப் பொருளையும் பேசிக்கொண்டனர் என்பதை அந்நூல் காட்டுகிறது. பள்ளிக்கு முன்பே அவர்களிடம் மொழி இருந்தது. சைகைமொழியை லெபே படைத்தார் என்னும் பொதுக்கருத்து பிழையானது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

லெபேயின் எல்லையும் இங்கே தெளிவாகிறது. மாணவரின் சைகைகள் இலக்கணமற்றவை, தாம் அதனை அளிக்கவேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் முகக்குறிப்பும் இடவமைப்பும் அசைவின் போக்கும் அம்மொழியின் இலக்கணமாக முன்பே இயங்கின. மாணவர் முறைப்படுத்திய சைகைகளைப் பார்த்துப் பிரெஞ்சுத் தொடர்களைப் பிழையின்றி எழுதினர். தம் கருத்தைத் தாமே எழுதுவதில் இடர்ப்பட்டனர். வகுப்பிற்கு வெளியே தம் இயல்பான சைகைகளையே வழங்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெபியான் இக்குறையைச் சுட்டியபின் அம்முறை வழக்கொழிந்தது.

எனினும் பள்ளியின் பயன் முறையோடு அழியவில்லை. சிதறி வாழ்ந்த காதுகேளாதோர் அங்கு ஒன்றுகூடினர். வீட்டுச் சைகைகள் கலந்து பொதுமொழி வளர்ந்தது. ஒரு சமூகம் உருவாயிற்று.

இறுதியும் தொடர்ச்சியும்

லெபே 1789 திசம்பர் 23ஆம் நாள் தம் 77ஆம் வயதில் மறைந்தார். 1791இல் பிரெஞ்சுத் தேசிய அவை பள்ளியை அரசு நிறுவனமாக ஏற்றது. அப்பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான லோரான் கிளேர், தாமஸ் கல்லாடெட்டுடன் அமெரிக்கா சென்று 1817இல் ஆர்ட்போர்டு பள்ளி தோன்றத் துணைநின்றார். ஆயின் 1880இல் மிலான் நகர மாநாடு வாய்மொழி முறையே உயர்ந்தது எனத் தீர்மானித்தது. பல நாட்டுப் பள்ளிகளிலிருந்து சைகை விலக்கப்பட்டது. காதுகேளாத ஆசிரியர் பணியிழந்தனர். 2010இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானத்தின் கேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது.

தமிழகச் சூழல்

மிலான் தீர்மானத்தின் செல்வாக்கு ஓங்கியிருந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவைன்சன் காதுகேளாதோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் தொன்மையான காதுகேளாதோர் பள்ளிகளுள் அது ஒன்று. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள புளியங்குடி, 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எலுமிச்சை வணிகத்தால் பெயர்பெற்ற அவ்வூர் போன்ற ஊர்களில் பிறக்கும் காதுகேளாத குழந்தையின் நிலை லெபே கண்ட சகோதரியரின் நிலையை ஒத்தது. பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் திறனுடையவர்; வீட்டில் வழங்குவன சில சைகைகளே. தன்னொத்தவரைக் காணும் இடத்திலேயே குழந்தைக்கு முழுமொழி கிட்டுகிறது.

இந்தியச் சைகைமொழிக்கெனத் தனி இலக்கணம் உண்டு. அதில் வினாச்சைகை தொடரின் இறுதியில் நிற்கும்; தமிழின் வேற்றுமை உருபுகளும் கால இடைநிலைகளும் அதில் இல்லை. 2015இல் இந்தியச் சைகைமொழிக்கென மைய ஆய்வு நிறுவனம் அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியைக் கருத்துப்பரிமாற்ற முறையாக ஏற்றது. இந்நிலையில் தமிழ்ச் சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் சைகையாக்குதல் லெபேயின் பிழையை மீண்டும் செய்வதாகும். சைகைமொழியை முதன்மொழியாகவும் எழுத்துத் தமிழை இரண்டாம் மொழியாகவும் கொண்டு கற்பித்தலே அவர் வாழ்வு உணர்த்தும் வழி.

முடிவுரை

லெபே சைகைமொழியைப் படைத்தவரல்லர். அதனை மதித்துக் கற்றவர். அவருடைய வெற்றி யாவும் மாணவரிடம் கற்றதனால் விளைந்தன. தோல்வி, கற்பதை இடையில் நிறுத்தி அவர்கள் மொழியைத் திருத்த முற்பட்டதனால் விளைந்தது. தமிழ்நாட்டுக் காதுகேளாதோரின் சைகை வழக்குகளை வட்டாரந்தோறும் தொகுத்தலும், அவற்றின் இலக்கணத்தை அவர்களைக்கொண்டே விளக்குதலும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.